மழலையர் ஆசிரியைக்கு முதுகலைப் படிப்பு எதற்கு?

ஐந்து வயது நிரம்பாத குழந்தைக்கு வீடே பள்ளி, அன்னையே ஆசிரியை, பாட்டியே துணை ஆசிரியை என்று நம் முன்னோர் எண்ணினர். அவ்வாறு எண்ணுவதற்கு அவர்கள் வாழ்ந்த வாழ்வும் இடம் கொடுத்தது. ஏரிப் பாசனத்தை நம்பியிருந்த ஊர்களில், வயலுக்குச் சென்ற தாய் உச்சிவேளையில் வீடு திரும்பினாள். அவள் வரும்வரை திண்ணையில் ஒரு பாட்டியேனும் இருந்தாள். தெருவே குழந்தையைக் கண்காணித்தது எனலாம்.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் வாழும் நமக்கு அந்தத் திண்ணை இன்று தேடினாலும் கிடைப்பதில்லை. 1998-இல் இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையிலிருந்து முதல் கார்கள் வெளிவந்தன. 2006-இல் தொடங்கிய நோக்கியா கைப்பேசி ஆலை 2014-இல் மூடப்பட்டபோது, ஆயிரக்கணக்கான இளைஞரும் இளம்பெண்களும் திகைத்து நின்றதைக் கண்டோம். 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலையும், 2012-இல் டெய்ம்லர் லாரி ஆலையும் திறக்கப்பட்டன. 2024 ஆகஸ்டு மாதத்தில், வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர் தங்கும் பெருங்குடியிருப்பு ஒன்றைத் தமிழக அரசின் சிப்காட் நிறுவனம் கட்டித் திறந்தது. ஆலை வேலைக்கு வரும் பெண்களுள் மிகப் பலர் மணமாகாத இளம்பெண்கள். நாளை இவர்கள் தாய்மாராவர். அப்போது இவர்களுடைய குழந்தைகள் பகல் முழுவதும் யார் கையில் இருக்கும்?

இன்றே அந்தக் கேள்வி நம் வீடுகளில் எழுந்துவிட்டது. கணவருக்குக் காலை ஷிப்டு, மனைவிக்குப் பிற்பகல் ஷிப்டு. பாட்டி விழுப்புரத்திலோ திருவண்ணாமலையிலோ நிலத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த குடும்பங்களுக்கோ பாட்டி இரண்டு நாள் இரயில் பயணத் தொலைவில் இருக்கிறார். ஆகவே, இரண்டரை வயதிலேயே குழந்தை ஒரு விளையாட்டுப் பள்ளியிலோ, அங்கன்வாடியிலோ, ஆலயத்தை ஒட்டிய மழலையர் பள்ளியிலோ விடப்படுகிறது. விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதியை அது ஆசிரியையுடன் கழிக்கிறது.

50 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனங்களில் குழந்தைக் காப்பகம் இருக்க வேண்டும் என்று 2017-இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம் விதித்தது. அவ்விதி 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் இடம்பெற்றுள்ளது. நல்ல விதியே. ஆயினும் சட்டத்தால் ஓர் அறையைத்தான் தர இயலும். அந்த அறையில் குழந்தையோடு அமர்பவருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

ஒரு மாமியாரின் கேள்வி

மழலையர் வகுப்பில் ஒன்பது ஆண்டுகள் பணியாற்றிய ஆசிரியை ஒருவர், பட்டதாரி, குழந்தைப் பருவக் கல்வியில் முதுகலைப் படிப்புப் படிக்க விரும்பினார். அவருடைய மாமியார் பங்கு இல்லத்துக்கு வந்து இவ்வாறு கேட்டார்: “ஏன் சாமி, அ, ஆ சொல்லிக் கொடுக்கிறதுக்கு எம்.ஏ. வேணுமா? பத்தாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறவங்க படிச்சா அர்த்தம் இருக்கு. இவ, பிள்ளைங்களுக்கு மூக்கைத் துடைச்சு விடத்தானே போறா?”

அந்த அம்மையார் அறியாமையாற் கேட்கவில்லை. வீட்டுக் கடனுக்கு மாதத் தவணை, மகனுக்கு ஷிப்டு வேலை, வீட்டில் இரண்டு சிறு பிள்ளைகள். மருமகள் சனி, ஞாயிறுகளில் வகுப்புக்குச் சென்றால் அடுப்பை யார் பார்ப்பது என்ற கவலை அவருக்கு. அத்தோடு, படிப்பை முடித்த பிறகும் மருமகளின் சம்பளம் உயருமா என்ற ஐயமும் இருந்தது. கேள்வி நியாயமானது. ஆதலால் விடையும் நியாயமாக இருக்க வேண்டும். அவர் குறிப்பிட்ட மூக்கிலிருந்தே தொடங்குவோம்.

மூக்கைத் துடைப்பதிலும் ஒரு கல்வி

ஓயாமல் சளி ஒழுகும் குழந்தையை நாம் அன்றாடம் காண்கிறோம். துடைத்துவிட்டு அடுத்த வேலைக்குச் செல்கிறோம். அடிக்கடி சளி பிடிக்கும் குழந்தைகளிற் சிலருக்குச் செவிப்பறையின் உட்புறத்தில், நடுச்செவியில், நீர் தேங்கிவிடுகிறது. பெரும்பாலும் வலி இராது, காய்ச்சல் இராது. எனவே தாய்க்கும் தெரிவதில்லை. குளத்தில் மூழ்கியிருப்பவனுக்குக் கரையிலுள்ளோர் பேச்சு எப்படிக் கேட்குமோ, அப்படி அக்குழந்தைக்கு உலகம் மங்கலாகக் கேட்கிறது. கூப்பிட்டால் திரும்பாது, கதை நேரத்தில் வேறெங்கோ பார்க்கும், சொற்களைக் குழறிச் சொல்லும். ‘சொல்பேச்சுக் கேளாத பிள்ளை’ என்ற பெயரும் அதற்குக் கிடைத்துவிடும்.

பலருக்கு இந்நிலை சில வாரங்களில் தானே நீங்கும். சிலருக்கு மருத்துவம் தேவைப்படும். கற்ற ஆசிரியை மருத்துவரல்லர். ஆயினும் அவர் கவனிப்பார். பின்னாலிருந்து மெல்லப் பெயர் சொல்லி அழைத்துப் பார்ப்பார். மூன்று வாரம் குறித்து வைத்துக்கொண்டு, “அம்மா, பிள்ளையின் காதை ஒருமுறை டாக்டரிடம் காட்டிவிடுங்கள்” என்று தாயிடம் சொல்வார். மொழி வளரும் பருவத்தில் ஓராண்டுக் காலம் காது மங்கியிருந்தால் அக்குழந்தை இழப்பது எவ்வளவு! மூக்கைத் துடைக்கும் கைக்குப் பின்னால் அறிந்த கண் ஒன்று இருந்தால் அந்த இழப்பைத் தடுக்கலாம்.

அடுத்து, கையைப் பார்ப்போம். எல்.கே.ஜி.யில் சேர்த்த மூன்றாம் மாதமே, “என் பிள்ளை இன்னும் எழுதவில்லையே” என்று வருந்தும் பெற்றோர் நம்மிடையே ஏராளம். மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள் உண்டு. பிறக்கும்போது அவை குருத்தெலும்பாகவே இருக்கின்றன. மூன்று வயதிலும் அவற்றுட் பல முற்றவில்லை. எட்டாவது எலும்பு உருவாக எட்டு முதல் பன்னிரண்டு வயதுவரை ஆகிறது. அக்கையில் பென்சிலைத் திணித்து நான்கு வரிக் குறிப்பேட்டில் பக்கம் பக்கமாக எழுத வைப்பது, முளைவிட்ட நாற்றை இழுத்து வளர்ப்பதற்கு ஒப்பாகும். மாவு பிசைதல், வேர்க்கடலை உரித்தல், மணி கோத்தல், மணலில் கோலமிடுதல், பல்லாங்குழியில் புளியங்கொட்டையை ஒவ்வொன்றாக எடுத்துப் போடுதல் ஆகியவையே அக்கைக்கு ஏற்ற எழுத்துப் பயிற்சி. இதைப் பாட்டிமார் அனுபவத்தால் அறிந்திருந்தனர். ஏன் அவ்வாறு என்று பெற்றோருக்கும் பள்ளி நிர்வாகிக்கும் எடுத்துரைக்கும் துணிவு ஆசிரியைக்கு வேண்டுமானால், அனுபவத்தோடு கல்வியும் வேண்டும். காரணம் சொல்லத் தெரியாத ஆசிரியை பெற்றோரின் அவசரத்துக்குப் பணிந்துவிடுவார்.

மூன்றாவது, மொழி. நம் வட்டாரத்து வகுப்பறையில் தமிழ்க் குழந்தைக்கு அருகில் ஒடியா பேசும் குழந்தையும், இந்தி பேசும் குழந்தையும் அமர்ந்திருக்கின்றன. வீட்டு மொழி வேறாக உள்ள குழந்தை முதற் சில மாதங்கள் வாய் திறவாதிருக்கக் கூடும். அது மந்த புத்தியன்று, பிடிவாதமுமன்று. புதிய மொழியைக் காதால் சேர்த்து வைக்கும் பருவம் அது. அவ்வேளையில் வற்புறுத்தினால் குழந்தை இன்னும் ஒடுங்கும். அதன் தாய்மொழிச் சொற்கள் பத்தையேனும் ஆசிரியை கற்றுக்கொண்டு, தண்ணீர் வேண்டுமா, பசிக்கிறதா என்று அம்மொழியிற் கேட்டால், அச்சம் நீங்கி வாய் திறக்கும். தமிழகக் கிராமத்திலிருந்து வந்த குழந்தையிடம் முதல் நாள் தொட்டே ஆங்கிலத்திற் பேசும் பள்ளிகளும் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

மீண்டும் மாணவியான மருத்துவர்

பணியில் இருப்பவர் மீண்டும் மாணவராவது புதுமை அன்று. மழலையர் கல்வி என்றவுடன் உலகம் நினைவுகூரும் மரியா மாண்டிசோரி அம்மையார் அவ்வாறு செய்தவரே. கத்தோலிக்கப் பெண்மணியாகிய இவர் 1896-இல் உரோமையில் மருத்துவப் பட்டம் பெற்றார். மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளிடையே பணியாற்றியபோது, இவர்களுக்கு மருந்தைவிடக் கல்வியே தேவை என்று கண்டார். தாம் கற்றது போதாது என உணர்ந்து, மருத்துவராகப் பெயர் பெற்ற பின்னரும், மெய்யியலும் கல்வியியலும் பயில மீண்டும் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்.

1907 ஜனவரி 6-ஆம் நாள், ஆண்டவரின் திருக்காட்சித் திருநாளன்று, உரோமையின் சான் லொரென்சோ பகுதியில் அவருடைய முதற் ‘குழந்தைகள் இல்லம்’ திறக்கப்பட்டது. அப்பகுதி நம் ஒரகடத்து வரிசை வீடுகளுக்கு உறவு எனலாம். தாய் தந்தையர் இருவரும் கூலி வேலைக்குச் சென்றுவிட, ஏறத்தாழ ஐம்பது குழந்தைகள் மாடிப்படிகளில் திரிந்து சுவர்களைக் கிறுக்கிப் பாழாக்கின. கட்டடத்தைக் காக்க வேண்டியே உரிமையாளர் ஓர் அறை ஒதுக்கினர். அவர்கள் சுவரைக் கருதினர். அம்மையாரோ குழந்தையை உற்று நோக்கினார். எக்குழந்தை எப்பொருளை எத்தனை முறை எடுத்துச் செய்கிறது என்று மருத்துவரின் பொறுமையோடு கவனித்தார். கற்றுக் கொடுப்பதற்கு முன் உற்றுப் பார்க்க வேண்டும் என்னும் முறை அங்கே உருவாயிற்று. 1909-இலேயே, பணியிலிருந்த ஆசிரியைகளுக்கென முதற் பயிற்சி வகுப்பையும் அவர் நடத்தினார்.

அவ்வகுப்பு நம் சென்னைக்கும் வந்தது. பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்று 1939-இல் அம்மையார் தம் மகன் மாரியோவுடன் அடையாற்றுக்கு வந்தார். இந்தியாவின் பல பகுதிகளிலிருந்து ஏறத்தாழ 300 பேர், பெரும்பாலும் ஆசிரியர், ஓலைக் கொட்டகையில் அமர்ந்து பாடம் கேட்டனர். அவர் இத்தாலிய மொழியிற் பேச, மகன் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். சில மாதங்களே தங்கும் எண்ணத்தோடு வந்தவரை உலகப் போர் இங்கேயே நிறுத்திவிட்டது. 1940-இல் இத்தாலி போரில் இறங்கவே, பகை நாட்டவர் என்று மகன் சிறைவைக்கப்பட்டார். அம்மையாரின் நடமாட்டமும் கட்டுப்படுத்தப்பட்டது. அவருடைய எழுபதாம் பிறந்த நாளில், ஆகஸ்டு 31-இல், மகன் விடுவிக்கப்பட்டார். பின்னர் கொடைக்கானலிலும் தங்கிய அம்மையார், 1946-இல் ஐரோப்பா திரும்பும்வரை பயிற்சி வகுப்புகளை நிறுத்தவேயில்லை. 1947-இல் மீண்டும் வந்து 1949 வரை இங்கே பணியாற்றினார். இந்தியாவில் அவரிடம் பயின்றோர் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர். உலகப் புகழ் பெற்ற அவருடைய நூலான ‘உள்வாங்கும் மனம்’ 1949-இல் அடையாற்றில்தான் வெளியாயிற்று.

எழுபது வயதிலும் அவர் இங்கே கற்றுக்கொண்டிருந்தார் என்பதையும் நாம் கவனிக்க வேண்டும். நம் தாய்மார் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே சந்தைக்கும் வேலைக்கும் செல்வதைக் கண்டு, அதனால் குழந்தை உலகத்தையே பார்த்துப் பழகுகிறது என்று போற்றினார். அறிஞர் நம் தாய்மாரிடம் கற்றார்; நம் ஆசிரியர் அறிஞரிடம் கற்றனர்.

ஆராய்ச்சி கூறும் உண்மை

“அன்புள்ள பெண் ஒருத்தி போதாதா?” என்று சிலர் கேட்பர். அன்பு இன்றியமையாதது, அதற்கு ஈடாகும் பட்டம் உலகில் இல்லை. ஆயினும் அன்போடு அறிவும் சேரும்போது விளைவது என்ன என்பதை அமெரிக்காவில் ஓர் ஆராய்ச்சி காட்டியது. மிச்சிகன் மாநிலத்தின் இப்சிலாண்டி நகரில், 1962 முதல் 1967 வரை, ஏழைக் கறுப்பினக் குடும்பங்களின் குழந்தைகள் 123 பேரைத் தெரிந்தெடுத்தனர். அவர்களுள் 58 பேருக்கு மூன்று, நான்கு வயதில் தரமான மழலையர் கல்வி அளிக்கப்பட்டது, ஏனையோருக்கு இல்லை. ஆசிரியர் அனைவரும் பட்டமும் முறையான பயிற்சியும் பெற்றவர்கள். ஓர் ஆசிரியருக்கு ஆறு குழந்தைகள் அளவில்தான் பொறுப்பு. காலையில் இரண்டரை மணி நேர வகுப்பு. அத்துடன் வாரந்தோறும் ஒன்றரை மணி நேரம் ஆசிரியர் குழந்தையின் வீட்டுக்கே சென்று தாயுடனும் குழந்தையுடனும் அமர்ந்தார்.

அக்குழந்தைகளை நாற்பது வயதுவரை தொடர்ந்து கவனித்தனர். மழலையர் கல்வி பெற்றவர்களுள் உயர்நிலைப் பள்ளியை முடித்தோர் மிகுதி, வேலையில் இருந்தோர் மிகுதி, கைதானோர் குறைவு. இந்த ஆய்வைப் பின்னர் நுணுகிப் பரிசீலித்தவர்களுள் பொருளாதாரத்துக்கான நோபெல் பரிசை 2000-இல் பெற்ற ஜேம்ஸ் ஹெக்மனும் ஒருவர்.

இதிலிருந்து நாம் அறிவது யாது? கட்டடமோ, சீருடையோ, சுவரிலுள்ள வண்ணப் படமோ இப்பயனைத் தந்துவிடவில்லை. கற்ற ஆசிரியர், சிறு வகுப்பு, வீட்டோடு உறவு ஆகிய மூன்றும் அங்கே ஒன்றுசேர்ந்திருந்தன. நம் பள்ளிகளில் நிலைமை என்ன? மேல்நிலை வகுப்புக்கு முதுகலை படித்தவரை நியமிக்கிறோம். மழலையர் வகுப்புக்கோ பல இடங்களில், குறைந்த சம்பளத்துக்கு வரக்கூடியவரைத் தேடுகிறோம். ஆறு வயதுக்குள் குழந்தையின் மூளை, பெரியவரின் மூளை அளவில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கை எட்டிவிடுகிறது. அடித்தளம் இடும் காலத்தில் கைதேர்ந்த கொத்தனாரை விலக்கிவிட்டு, மேல்மாடிக்கு மட்டும் அவரை அழைப்பார் உண்டோ?

திருச்சபையின் நோக்கு

இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் 1965 அக்டோபர் 28-இல் வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கை, பெற்றோரே தம் மக்களுக்கு முதன்மையான ஆசிரியர் என்று தெளிவுறக் கூறுகிறது. அதே அறிக்கை, ஆசிரியப் பணி ஓர் அழைத்தல் என்றும், அதற்கு மிகக் கவனமான ஆயத்தமும், தம்மை இடைவிடாது புதுப்பித்துக்கொள்ளும் மனமும் வேண்டும் என்றும் போதிக்கிறது. இத்தாலியில் கிரெமோனா நகரின் குரு ஃபெரான்தே அப்போர்த்தி, 1820-களின் இறுதியிலேயே குழந்தைகளுக்கு மழலையர் பள்ளி தொடங்கினார். 1844-இல் தூரின் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கும் முறைபற்றி ஆசிரியர்களுக்கு வகுப்பும் நடத்தினார். ஆகவே மழலையர் கல்வி பல்கலைக்கழகத்துக்கு உரியதன்று என்னும் எண்ணம் திருச்சபையின் மரபுக்கே புறம்பானது.

எங்கே, எப்படிப் படிப்பது?

நம் நாட்டில் இக்கல்வியின் தேவை சட்டத்திலும் ஏறிவிட்டது. 2002-ஆம் ஆண்டின் 86-ஆவது அரசியலமைப்புத் திருத்தம், ஆறு வயது முடியும்வரை எல்லாக் குழந்தைகளுக்கும் பராமரிப்பும் கல்வியும் அளிக்க அரசு முயல வேண்டும் என்று கூறுகிறது. தமிழ்நாட்டில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடிகள் உள்ளன. 2019 ஜனவரியில், அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் அமைந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கப்பட்டன. ஆனால் ஆசிரியரின் மேற்படிப்பில் இப்பருவத்துக்குரிய இடம் சிறியதே. தேசிய ஆசிரியர் கல்விக் குழு 2014-இல் வகுத்த எம்.எட். பாடத்திட்ட நெறிகளில், தொடக்கக் கல்வி, இடைநிலைக் கல்வி என்றே சிறப்புப் பிரிவுகள் அமைந்தன. மழலையர் கல்வி தனிப்பிரிவாகவில்லை.

ஆதலால் விரும்பும் ஆசிரியைகள் படிப்படியாக ஏற வேண்டியுள்ளது. பிளஸ் டூ மட்டும் முடித்தவர்களுக்கு, இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் குழந்தைப் பருவப் பராமரிப்பு, கல்வி பற்றிய பட்டயப் படிப்பு நல்ல முதற்படி. அதனோடு இளங்கலைப் பட்டத்தையும் முடித்துக்கொள்ள வேண்டும். பட்டதாரிகளுக்கு, கோவை அவினாசிலிங்கம் மகளிர் நிறுவனத்தில் மனித மேம்பாட்டுத் துறை முதுகலை வரை கற்பித்து வந்துள்ளது. தில்லியில் அம்பேத்கர் பல்கலைக்கழகம் குழந்தைப் பருவக் கல்விக்கென்றே எம்.ஏ. படிப்பை ஏற்படுத்தியது. ஆனால் தில்லிக்கோ கோவைக்கோ சென்று இரண்டாண்டு தங்கிப் படிப்பது குடும்பப் பெண்ணுக்கு எளிதன்று. பணியிலிருப்போர்க்கு ஏற்றவை பகுதிநேரப் படிப்பும், விடுமுறைக் கால வகுப்பும், தொலைநிலைக் கல்வியுமே.

சேருமுன் மூன்றை உறுதி செய்துகொள்ளுங்கள். முதலாவது, அப்படிப்பை அம்முறையில் நடத்தப் பல்கலைக்கழக மானியக் குழுவின் ஏற்பு அந்த ஆண்டுக்கு உண்டா என்று பாருங்கள். இரண்டாவது, ‘மாண்டிசோரி’ என்ற பெயரை யார் வேண்டுமானாலும் பலகையில் எழுதிக்கொள்கின்றனர். பெயரைக் கண்டு பணம் கட்டாமல், சான்றிதழ் வழங்குவது யார் என்று கேளுங்கள். மூன்றாவது, செய்முறைப் பயிற்சி எவ்வளவு என்று விசாரியுங்கள். குழந்தையையே பாராமல் புத்தகத்தை மட்டும் ஒப்பிக்க வைக்கும் படிப்பால் பயனில்லை.

பணியிலுள்ள ஆசிரியைக்கு இதிலொரு தனி நன்மை உண்டு. கல்லூரியிலிருந்து நேரே வரும் மாணவிக்கு, மொழி வளர்ச்சி என்பது ஒரு பாடத்தலைப்பு. நம் ஆசிரியைக்கோ, அத்தலைப்பைப் படிக்கும்போதே ஐந்தாறு முகங்கள் கண்முன் வரும். சென்ற ஆண்டு வாய் திறவாதிருந்த சிறுவனும், ‘ர’ வராத சிறுமியும் நினைவுக்கு வருவர். ஞாயிறு கற்றதைத் திங்கட்கிழமை வகுப்பிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஆய்வுக் கட்டுரைக்குரிய பொருளும் அவருடைய வகுப்பறையிலேயே கிடைக்கும்.

நாம் செய்ய வேண்டுவன

குடும்பத்தின் துணையின்றி இப்படிப்பு நிறைவேறாது. முன்பு குறிப்பிட்ட மாமியார் நெடுநேரம் பேசிய பின்னர் ஓர் ஏற்பாட்டுக்கு இசைந்தார். சனிக்கிழமை பிள்ளைகளையும் அடுப்பையும் தாம் பார்த்துக்கொள்வதாகவும், ஞாயிற்றுக்கிழமை அவற்றைத் தம் மகனே பார்க்க வேண்டும் என்றும் கூறினார். “எங்க காலத்துல ஆம்பிள்ளைங்க அடுப்படிப் பக்கமே வரல சாமி, இவன் கத்துக்கட்டும்” என்றார். மருமகள் ஒருத்தி படிக்கப் போக, மகனும் ஒன்று படிக்கலானார்!

பெற்றோர் தம் அவசரத்தை அடக்கிக்கொள்ள வேண்டும். மாலையில் பிள்ளையிடம், “இன்று என்ன எழுதினாய்?” என்று மட்டும் கேளாமல், “யாரோடு விளையாடினாய்? என்ன கதை கேட்டாய்?” என்று கேளுங்கள். ஷிப்டு முடிந்து களைத்து வந்தாலும், பதினைந்து நிமிடமாவது கைப்பேசியைத் தள்ளிவைத்துவிட்டுப் பிள்ளையோடு தரையில் அமருங்கள். ஆசிரியை எவ்வளவு கற்றாலும் பெற்றோரின் இடத்தை அவர் நிரப்ப இயலாது, நிரப்பவும் கூடாது.

பள்ளித் தாளாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். படிக்கும் ஆசிரியைக்குத் தேர்வு நாள்களில் ஊதியத்தோடு விடுப்பு அளியுங்கள். படிப்பை முடித்தவருக்கு ஊதியத்தை உயர்த்துங்கள். அவரை உடனே மேல் வகுப்புக்கு மாற்றிவிட்டு, ‘பதவி உயர்வு’ என்று பெயரிடாதீர்கள். மழலைகளுக்கெனக் கற்றவர் மழலைகளிடமே இருக்கட்டும்.

பங்கு மக்களாகிய நாமும் இடம் கொடுக்க வேண்டும். தொடர்பு வகுப்புகள் ஞாயிறன்று நடைபெறுவதால், மறைக்கல்வி கற்பிக்கும் ஆசிரியை ஒருவரை இரண்டாண்டுக்கு நாம் இழக்க நேரலாம். அதற்காகக் குறை கூறாமல் வேறொருவர் முன்வாருங்கள். சனிக்கிழமை மாலைத் திருப்பலியில் அவர்கள் ஞாயிறு கடனை நிறைவேற்ற வழி உண்டு. பங்குப் பேரவையும் வின்சென்ட் தே பவுல் சபையும் ஆண்டுதோறும் ஒரேயோர் ஆசிரியையின் கட்டணத்தை ஏற்றாலும், பத்தாண்டில் பத்து வகுப்பறைகள் ஒளிபெறும். லொயோலா (1925), ஸ்டெல்லா மேரிஸ் (1947) போன்ற பெருங்கல்லூரிகளைச் சென்னையில் நிலைநாட்டிய நம் துறவற சபைகள், ஆலைப் பகுதி ஆசிரியைகளை மனத்திற்கொண்டு, வார இறுதியில் நடைபெறும் குழந்தைப் பருவக் கல்வி முதுகலைப் பட்டயம் ஒன்றை இவ்வட்டாரத்துக்கு அளிக்க முன்வரின், அது காலத்தினாற் செய்த நன்றியாகும்.

தம்முடைய சீடர்கள் யார் பெரியவர் என்று வாதிட்டபோது, நம் ஆண்டவர் ஒரு சிறு பிள்ளையை அழைத்து அவர்கள் நடுவில் நிறுத்தினார். அதற்கும் முன்பே, கீழ்த்திசை ஞானியர் வானத்து விண்மீனைக் கற்றறிந்து, நெடுந்தொலைவு நடந்து, பெத்லகேமில் ஒரு குழந்தையின் முன் மண்டியிட்டனர். அவர்களுடைய கல்வி அத்தனையும் அவர்களைக் கொண்டுபோய்ச் சேர்த்த இடம் அதுவே. நம் மழலையர் ஆசிரியைகளின் கல்வியும் அவர்களை அவ்விடத்துக்கே இட்டுச் செல்வதாக. அப்பயணத்துக்கு வழிவிடுவதும் வழித்துணையாவதும் நம் கடமை.